தீமையைத் தெரிந்தே நகர விடலாமா?

 

போதைப்பொருள் அடங்கிய ஒரு பெட்டி சுங்க அதிகாரியின் கையில் அகப்படுகிறது. உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே பறிமுதல் செய்துவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் பெட்டியைப் பழையபடி மூடி முத்திரையிட்டு, ஒன்றும் அறியாதவர் போல், அது போக வேண்டிய இடத்துக்கே போக விடுகிறார். மறைவில் ஆட்கள் தொடர்கிறார்கள். பெட்டியை வாங்க வந்தவன் கை நீட்டியதும் பிடிக்கிறார்கள். இந்த முறைக்குக் ‘கன்ட்ரோல்டு டெலிவரி’ என்று பெயர். கண்காணிப்பில் அனுப்புதல் என்று நாம் தமிழில் சொல்லிக் கொள்ளலாம்.

வெறுக்கத்தக்க செயலைக் கண்டவர், இயன்றால் அதைக் கையால் மாற்ற வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழியின் கருத்து. கையில் ஆற்றலும் அதிகாரமும் இருந்தும் ஹராமான பொருளைத் தெரிந்தே நகர விடுவது அந்தக் கட்டளைக்கு மாறு ஆகாதா? மறைந்திருந்து பார்ப்பது, துருவித் துருவி ஆராயக் கூடாது என்று திருமறை விலக்கிய செயல் ஆகாதா? ஒன்றும் தெரியாதவர் போல் நடிப்பது பொய் ஆகாதா? சிந்திக்கும் இளைஞர்கள் இம்மூன்று கேள்விகளையும் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் சுங்கத்திலும் காவல் துறையிலும் பணி செய்வோர் இருக்கிறார்கள். துறைமுகத்தில் சுமை இறக்குவோர், லாரி ஓட்டுவோர், வளைகுடா நாடுகளுக்குப் போய் வருவோர் நம் வீடுகள்தோறும் இருக்கிறார்கள். ஆகவே இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று.

நடைமுறை யாது?

முதலில் விஷயத்தை உள்ளபடி அறிந்து கொள்வோம். அறியாத ஒன்றின் மீது ஹுக்மு சொல்வது ஆலிமுக்கு அழகன்று.

1988 டிசம்பரில் வியன்னா நகரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் கடத்தல் தடுப்பு உடன்படிக்கை உருவாயிற்று. அதன் 11ஆம் பிரிவு இந்த முறையை நாடுகளுக்கிடையே ஏற்புடையதாக்கியது. இந்தியா 1990இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. நம் நாட்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985ஆம் ஆண்டினது. அதில் 50-ஏ என்னும் பிரிவு 2001இல் சேர்க்கப்பட்டது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தலைமை இயக்குநரோ, அவரிடம் அதிகாரம் பெற்றவரோ மட்டுமே இவ்வாறு அனுப்பலாம் என்று அது வரையறுக்கிறது. சரக்கு வெளிநாட்டுக்குப் போவதாயின் அந்நாட்டு அதிகாரிகளோடு கலந்துகொண்டே செய்ய வேண்டும். சுங்கச் சட்டத்திலும் 2018இல் 109-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்குரிய விதிமுறைகள் 2022இல் வெளியாயின.

அனுப்பும் முறை இருவகை. உள்ளிருக்கும் போதைப்பொருளை அப்படியே விட்டு அனுப்புவது ஒன்று. அதை முழுவதுமோ பெரும்பகுதியோ எடுத்துவிட்டு, அதே எடையில் கேடில்லாத வேறு பொருளை வைத்து அனுப்புவது மற்றொன்று. வியன்னா உடன்படிக்கை இரண்டுக்குமே இடம் தருகிறது. பொருளை மாற்றி வைத்துவிட்டால், பின்தொடர்வோர் கண்ணிலிருந்து பெட்டி தவறினாலும் நஞ்சு ஊருக்குள் போய்விடாது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். மார்க்கத் தீர்ப்பின் பெரும்பகுதி இதன் மீதே நிற்கிறது.

நமக்கு இது தொலைதூரச் செய்தியும் அன்று. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் இலங்கைப் படகு ஒன்றைக் கடலோரக் காவல் படை மறித்து, ஏறத்தாழ 100 கிலோ ஹெராயினையும் ஐந்து கைத்துப்பாக்கிகளையும் எடுத்தது. 2021 ஏப்ரலில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில், பனாமா நாட்டிலிருந்து மரத்தடிகள் என்று சொல்லி வந்த கண்டெய்னரில் 300 கிலோவுக்கு மேற்பட்ட கோக்கைனை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் கண்டெடுத்தார்கள். ஒரு காலத்தில் முத்தெடுத்த கடல் அது. சங்கு குளித்தும் மீன் பிடித்தும் பாய்மரம் ஓட்டியும் நம் முன்னோர் ஹலாலாகப் பிழைத்த கரை அது. அங்கு இறங்கும் சரக்கு கயத்தாற்று நாற்கரச் சாலை போன்ற நெடுஞ்சாலைகள் வழியேதான் ஊர்களுக்குள் பரவுகிறது.

ஏன் நகர விடுகிறார்கள்?

சரக்கைக் கண்ட இடத்திலேயே பிடித்தால் அகப்படுகிறவர் யார்? பெட்டியைத் தூக்கி வந்த கூலியாள், படகோட்டி, லாரி ஓட்டுநர், சில வேளை உள்ளே இருப்பது யாதென்றே அறியாத ஒரு பயணி. அனுப்பிய முதலாளியும் வாங்கவிருந்த வியாபாரியும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்கள். மறு மாதம் வேறொரு ஏழையின் தோளில் வேறொரு பெட்டி ஏறும்.

மும்பையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தம்பதிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2019 ஜூலையில் அவர்கள் கத்தார் நாட்டுக்குப் பயணமானார்கள். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் நெருங்கிய உறவுக்காரப் பெண்மணி. அங்குள்ள ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி அவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார், புகையிலை என்றார். விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தபோது 4 கிலோவுக்கு மேல் ஹஷீஷ் இருந்தது. இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்பெண் அப்போது கருவுற்றிருந்தார். குழந்தை சிறையிலேயே பிறந்தது. குடும்பத்தார் முறையிட்டதன் பேரில் நம் நாட்டுப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் பொட்டலத்தைக் கொடுத்தவர்களைப் பின்தொடர்ந்து விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள். தம்பதி 2021இல் விடுதலை பெற்று, கைக்குழந்தையோடு ஊர் திரும்பினார்கள்.

பிடிபட்ட கையோடு விசாரணை நின்றிருந்தால் அந்த இருவரும் பத்தாண்டுகளையும் சிறையிலேயே கழித்திருக்க வேண்டும். கொடுத்த கை வரை போனதால் குற்றமற்றவர் மீண்டனர். கண்காணிப்பில் அனுப்பும் முறைக்கு அதிகாரிகள் சொல்லும் நியாயமும் இதுதான்: சுமப்பவனோடு நில்லாமல், அவனைச் சுமக்க வைத்தவனை அடைவது.

மாவுத் தடம் சொல்லும் பாடம்

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து தொடரும் வசனங்கள் இறங்கிய காரணத்தை முஃபஸ்ஸிர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மதீனாவில் துஃமா என்பவன் தன் அண்டை வீட்டாராகிய கத்தாதா (ரலி) அவர்களின் கவசத்தைத் திருடினான். கவசம் ஒரு மாவுப் பையில் இருந்தது. பையில் துவாரம் இருந்தபடியால் வழி நெடுக மாவு சிந்தியது. அவன் அக்கவசத்தை ஒரு யூதரிடம் ஒப்படைத்து வைத்தான். தேடியவர்கள் மாவுத் தடத்தைப் பின்பற்றிப் போனபோது, தடம் அந்த யூதரின் வீட்டில் போய் முடிந்தது. பொருளும் அங்கேயே கிடைத்தது. துஃமாவின் குலத்தாரோ, நம்மவனைக் காக்க வேண்டுமென்று நாயகத் திருமேனி (ஸல்) அவர்களிடம் வந்து பரிந்து பேசினார்கள். அப்போதுதான், மோசடிக்காரர்களுக்காக வாதாடலாகாது என்ற கருத்துடன் வஹீ இறங்கிற்று. வேற்று மதத்தவரான அந்த மனிதர் குற்றமற்றவர் என்று வானத்திலிருந்து தீர்ப்பு வந்தது.

இதில் நம் கேள்விக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பொருள் எவரிடம் இருக்கிறதோ அவரே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தடத்தின் கடைசியைக் கண்டவர்கள் அதன் தொடக்கத்தையும் தேட வேண்டும். இது முதலாவது. குற்றவாளி நம் குலத்தான், நம் பெயர் கொண்டவன் என்பதற்காக அவனுக்குப் பரிந்து பேசுவது ஈமானுக்கு ஏற்றதன்று. இது இரண்டாவது. இரண்டாவதைப் பின்னர் எடுத்துக் கொள்வோம்.

முதற் கேள்வி: நகர விடலாமா?

மக்கா வெற்றிக்குச் சற்று முன் நிகழ்ந்த ஒரு சம்பவம் புகாரி ஷரீஃபில் வருகிறது. பத்ருப் போரில் கலந்துகொண்ட ஹாத்திப் (ரலி) அவர்கள், முஸ்லிம்களின் நடவடிக்கை குறித்துக் குறைஷியருக்கு ஒரு கடிதம் எழுதி, பயணம் போகும் ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகிய மூவரையும் அனுப்பி, இன்ன சோலையில் அவளைக் காண்பீர்கள் என்று இடத்தையும் குறிப்பிட்டார்கள். முதலில் மறுத்த அப்பெண், பின்னர் தன் கூந்தல் பின்னலிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்த அறிவிப்பில் சுமந்து சென்றவளுக்குத் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. விசாரணை எழுதியனுப்பியவரை நோக்கியே திரும்பிற்று. அவரிடமும் நாயகம் (ஸல்) அவர்கள் காரணத்தைக் கேட்டார்கள். அவர் சொன்ன காரணத்தை உண்மையென ஏற்றார்கள். உமர் (ரலி) அவர்கள் வாளை உருவ அனுமதி கேட்டபோதும் இணங்கவில்லை.

கடிதத்தை மக்கா வரை போக விட்டு, அங்கே யார் வாங்குகிறார் என்று பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏனெனில் அது சேர்ந்துவிட்டால் கேட்டைத் திரும்பப் பெற முடியாது. வழியிலேயே எடுத்தாயிற்று. ஆகவே நாம் பெறும் அளவுகோல் இது: மீட்க முடியாத கேட்டை நகர விடக் கூடாது, கேடு நீக்கப்பட்டுவிட்டால், எஞ்சிய தடத்தைத் தொடர்வது தவறாகாது.

நஞ்சை எடுத்துவிட்டு உப்பையோ மாவையோ வைத்து அனுப்பும்போது அதிகாரி ஹராமைச் சுமந்தவர் ஆகமாட்டார். மதுவின் விஷயத்தில், சுமப்பவரும் எவரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவரும் சாபத்துக்குரியோர் என்ற எச்சரிக்கை ஹதீஸில் உண்டு. மயக்கம் தருவதையும் உடலைச் சோர்வுறச் செய்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிப்பதை வைத்து, ஹஷீஷ் முதலியவற்றையும் இமாம்கள் இதே வரிசையில் சேர்த்தார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹஷீஷ் ஹராம் என்பதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்கள். ஆனால் அதிகாரி அனுப்புவது நஞ்சு நீங்கிய பெட்டியை. அவருடைய நிய்யத்தும் விற்பவனின் நிய்யத்தும் ஒன்றல்ல.

நஞ்சை அப்படியே வைத்து அனுப்புவது? இங்கேதான் கடுமையான தயக்கம் வேண்டும். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதற்கு இடம் தரும் என்பது ஃபிக்ஹின் விதி. அந்த இடமும் நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்கும் என்பது அதை அடுத்த விதி. முதல் விதியைச் சொல்பவர்கள் பலர்; இரண்டாவதை நினைவில் வைப்போர் சிலர். ஹாலந்து நாட்டில் நடந்தது இதற்குப் பெரிய படிப்பினை. கடத்தல் கூட்டத்துக்குள் தம் ஆட்களை வளர்ப்பதற்காக, அங்குள்ள காவல் குழு ஒன்று பெருமளவு போதைப்பொருளைத் தெரிந்தே சந்தைக்குள் போக விட்டது. தலைவனைப் பிடிப்போம், அதுவரை இது போகட்டும் என்று சொல்லிச் சொல்லியே சரக்கு போய்க் கொண்டிருந்தது. 1993 டிசம்பரில் அக்குழு கலைக்கப்பட்டது. நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்து 1996இல் அறிக்கை பெற்றது. 2000ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த சட்டம், ஆபத்தான பொருள் இருக்குமிடம் தெரிந்த அதிகாரி அதைக் கைப்பற்றியே ஆக வேண்டும் என்பதைப் பொது விதியாக்கிற்று. அந்தச் சந்தைக்குப் போன நஞ்சை வாங்கிய ஒவ்வோர் இளைஞனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவளிடம் போய், பெரிய மீனைப் பிடிக்க உன் மகனைத் தூண்டிலில் வைத்தோம் என்று எவரால் சொல்ல முடியும்? பிறருடைய உயிரையும் அறிவையும் பணயம் வைக்க எந்த அதிகாரிக்கும் ஷரீஅத்தில் உரிமை இல்லை.

இரண்டாம் கேள்வி: துருவி ஆராயலாமா?

அல்ஹுஜுராத் அத்தியாயம் பிறர் குறைகளைத் துருவுவதைத் தடுக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு ஒரு வீட்டின் சுவரேறிப் போய், உள்ளே பாவத்தில் இருந்தவனைக் கண்டித்தார்கள். அவனோ, தான் ஒரு தவறு செய்தால் கலீஃபா மூன்று தவறுகள் செய்துவிட்டதாக எடுத்துக் காட்டினான். கலீஃபா திரும்பிப் போனார்கள் என்ற செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். கதவடைத்த வீட்டுக்குள் ஒருவனுக்கும் அவனுடைய ரப்புக்கும் இடையே உள்ள பாவத்தைத் தோண்டி எடுப்பது நம் வேலையன்று.

ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விலக்கு எழுதி வைத்தார்கள். ஒருவன் மற்றொருவனைக் கொல்வதற்காகத் தனிமையில் கொண்டு போயிருக்கிறான் என்று நம்பத்தக்கவர் வந்து சொன்னால், பிறகு ஈடு செய்ய முடியாத அக்கேட்டைத் தடுக்க ஆராய்ந்து தேடலாம் என்பது அவர்களின் கூற்று. அப்படிப்பட்ட கேடில்லாத இடத்தில் அவர்கள் அனுமதி தரவில்லை. இதில் இரண்டு நிபந்தனைகளைக் காணலாம். செய்தி நம்பத்தக்கவரிடமிருந்து வர வேண்டும். கேடு மனித உயிரையோ மானத்தையோ அழிப்பதாக இருக்க வேண்டும். போதைப்பொருள் வியாபாரம் இந்த இரண்டாவது வகையில் சேரும். தன் வீட்டுக்குள் ஒருவன் செய்யும் தனிப் பாவமாக அது நிற்பதில்லை. பிறர் பிள்ளைகளின் அறிவை விலை பேசுகிறது. ஆயினும் முதல் நிபந்தனை தளர்ந்துவிடாது. வெகுமதிக்கு ஆசைப்பட்டுப் பொய்த் துப்புக் கொடுப்பவனும், பழைய பகையைத் தீர்த்துக் கொள்ளப் பெயர் சொல்பவனும் எங்கும் உண்டு. பாவியொருவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் திருவசனம் அதிகாரிக்கும் பொருந்தும்.

மூன்றாம் கேள்வி: ஏமாற்றலாமா?

போரில் எதிரியின் கண்ணை மறைப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. மக்களின் உயிரோடு போர் தொடுத்திருப்பவனிடம் தன் வருகையை மறைத்து நிற்பது இதற்கு நெருக்கமானது. மௌனமாகத் தொடர்ந்து போவது பொய்யுமன்று. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இருக்கும் பாவத்தைப் பின்தொடரலாம். இல்லாத பாவத்தை விதைக்கக் கூடாது.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சிலர் இங்கே கொண்டு வருவார்கள். அரசனின் குவளை தம்பியின் மூட்டையில் வைக்கப்பட்டது. பின்னர் சோதனை நடந்தது. மற்றவர் மூட்டைகளைப் பார்த்த பிறகு அவர் மூட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே ஒருவர் பையில் ஒரு பொருளை வைத்துவிட்டுப் பிடிப்பதும் ஆகும் என்று வாதிடுவார்கள். இது தவறான வாதம். தாம் அவருடைய உடன்பிறப்பு என்பதை யூஸுஃப் (அலை) அவர்கள் அதற்கு முன்பே தம்பியிடம் அறிவித்துவிட்டார்கள். நோக்கம் அவரைத் தம்மோடு இருத்திக் கொள்வது, தண்டிப்பதன்று. அத்தோடு, அது தன் ஏற்பாடு என்று அல்லாஹுத்தஆலாவே சொல்லியிருக்கிறான். வஹீ பெறாத நமக்கு அதில் ஆதாரம் கிடையாது. குற்றமற்றவன் பையில் பொட்டலம் வைத்துப் பிடிப்பவன், யூதர் வீட்டில் கவசத்தை வைத்த துஃமாவின் வழியில் போகிறான்; யூஸுஃப் (அலை) அவர்களின் வழியில் அன்று.

இந்த எல்லையை உலக நீதிமன்றங்களும் உணர்ந்திருக்கின்றன. போர்ச்சுகல் நாட்டில் வேடமிட்ட காவலர் இருவர், போதைப்பொருள் வியாபாரி என்று முன்பு எவரும் குற்றம் சாட்டியிராத ஒருவரை ஹெராயின் வாங்கித் தரும்படி தூண்டினார்கள். அவர் வாங்கிக் கொடுத்ததும் கைது செய்தார்கள். 1998இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், காவலர் தூண்டியிராவிட்டால் அந்தக் குற்றம் நிகழ்ந்திருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்றும், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தது. நம் நாட்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2020 அக்டோபர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மற்றொரு வேலி கட்டிற்று. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் தாமே எழுதி வாங்கும் வாக்குமூலத்தை, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். பிடிப்பவனுக்கும் கணக்கு உண்டு என்பதே இத்தீர்ப்புகளின் சாரம். மறுமையின் கணக்கில் நம்பிக்கை கொண்ட முஸ்லிம் அதிகாரிக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

காட்டிக் கொடுத்தலும் சாட்சியும்

இனி நம்முடைய பங்கு. தூத்துக்குடி மாவட்டத்தில், அதிலும் கயத்தாற்றில் இருந்து கொண்டு துப்புச் சொல்வதைப் பற்றிப் பேசுவது எளிதன்று. 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட மண் இது. காட்டிக் கொடுத்தவன் என்ற சொல்லை விடப் பெரிய வசை இப்பகுதியில் இல்லை. ‘எட்டப்பன்’ என்ற பெயரே வசைச் சொல்லாகிப் போயிற்று. ஆகவே அடுத்த தெருவில் பொட்டலம் கைமாறுவதைக் கண்டாலும், நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்திக் கொள்கிறோம். அதற்கு விசுவாசம் என்று பெயரும் சூட்டிக் கொள்கிறோம்.

நாட்டுக்காக நின்றவனை ஆதிக்கக்காரனிடம் ஒப்படைப்பதும், பிள்ளைகளுக்கு நஞ்சு விற்பவனைப் பற்றி உரியவரிடம் சொல்வதும் ஒன்றாகுமா? முன்னது துரோகம், பின்னது சாட்சி. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. தம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களே திருடினாலும் தண்டனை ஒன்றுதான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த பின்னர், குலமும் பெயரும் எவருக்குக் கேடயம் ஆகும்?

2024 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த சோதனை நினைவிருக்கலாம். சத்துமாவு, தேங்காய்த் துருவல் போன்ற உணவுச் சரக்குகளுக்குள் மறைத்து, போதைப்பொருள் செய்ய உதவும் சூடோஎபிட்ரின் என்ற ரசாயனம் வெளிநாடுகளுக்குப் போகிறது என்று நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அதிகாரிகள் தகவல் தந்தார்கள். நம் அதிகாரிகள் பல நாட்கள் கண்காணித்து ஒரு கிடங்கில் 50 கிலோவைப் பிடித்தார்கள். விசாரணை தமிழ்நாடு வரை வந்தது. குற்றம் செய்தவர் யார் என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும். நாம் முந்திக் கொள்ளலாகாது. ஆனால் இத்தகைய வழக்குகளில் நம் பெயர் கொண்டவர் குற்றம் சாட்டப்படும்போது நம்மவர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் விசாரியாமலே அவர் குற்றமற்றவர் என்று வாதாடுகிறார்கள். மறு சாரார் விசாரியாமலே அவரைச் சபிக்கிறார்கள். மாவுத் தடத்தின் பாடம் இருவருக்குமே எட்டவில்லை.

வீடுகளுக்கு ஒரு சொல்

கண்ணியத்திற்குரிய தாய்மார்களே, சகோதரர்களே! அதிகாரிகளின் கடமையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், நம் வீட்டு வாசலில் இருப்பதையும் பார்க்க வேண்டும். பெட்டி நகர்வது எவருடைய கையால்? நம் போன்றவர் கையால்தான். பயணம் புறப்படுகிறவரிடம், இதைக் கொஞ்சம் கொண்டு போய்க் கொடுங்கள் என்று பொட்டலத்தை நீட்டுவதும், உள்ளே என்ன என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைப்பதும் நம் வழக்கம். மாமி கொடுத்தது, மச்சான் கொடுத்தது, ஊர்க்காரர் கொடுத்தது என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொள்கிறோம். அமானிதத்தைக் காப்பது கடமைதான். ஆனால் யாதென்று தெரிந்த பின்னரே அமானிதத்தை ஏற்க வேண்டும். திறந்து காட்டுங்கள் என்று கேளுங்கள்; உங்கள் கையால் நீங்களே கட்டிக் கொள்ளுங்கள். ஹலாலான பொருளைக் கொடுப்பவர் இதற்காகக் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்துக் கொண்டால் அந்தப் பொட்டலத்தை நீங்கள் சுமக்காதிருப்பதே நலம்.

நம் நாட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனம் இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கச் சொல்கிறது. எனக்குத் தெரியாது என்பதை அவரே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். வணிக அளவு என்று சட்டம் குறிப்பது ஹெராயினில் 250 கிராம். கோக்கைனில் 100 கிராம். அதற்கு மேற்பட்டால் குறைந்தது பத்தாண்டு, அதிகம் இருபதாண்டு கடுங்காவல். ஒரு சேலைப் பொட்டலத்தின் மடிப்புக்குள் அடங்கும் எடை இது.

பிள்ளைகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. திடீரென்று கைக்கு வந்த மோட்டார் சைக்கிள், வேலை இன்னதென்று சொல்லாத சம்பளம், இரவில் ஒரு பார்சலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் கூலி, தன் பெயரில் கணக்குத் தொடங்கி அட்டையைப் பிறரிடம் கொடுப்பது. இவற்றைக் கேட்டால் மகன் மனம் நோவான் என்று தாய் வாளாவிருந்தால், நாளை அந்தக் கேள்வியை நீதிபதி கேட்பார். அதற்கும் பிறகு, கை கால்களே சாட்சி சொல்லும் நாளில் ரப்புல் ஆலமீன் கேட்பான்.

அகப்பட்டவன் மீது இரக்கமும் வேண்டும். கூலிக்குச் சுமந்தவன் தவறு செய்தவன்தான். ஆனால் அவன் உண்மையைச் சொன்னால் சுமக்க வைத்தவனை எட்ட முடியும். மஹல்லா ஜமாஅத் அவன் குடும்பத்தை ஒதுக்கி வைக்காமல், உண்மையைச் சொல்லும் துணிவை அவனுக்குக் கொடுக்க வேண்டும். ஹாத்திப் (ரலி) அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். அவர்களைச் செவிமடுத்துக் கேட்க ஒருவர் இருந்தார்கள். அந்தச் செவியும் நாயகத்தின் சுன்னத்தில் சேர்ந்ததே.

ஆக, தீமையைத் தெரிந்தே நகர விடலாமா என்ற கேள்விக்கு நம் விடை இது. தீமையை நகர விடக் கூடாது. அதன் நஞ்சை நீக்கிவிட்டு, சட்டம் தந்த அனுமதியோடும், இல்லாத குற்றத்தை உண்டாக்காமலும், அதன் தடத்தை மட்டும் நகர விடலாம். அந்தத் தடம் நம் வீட்டு வாசலில் வந்து முடியாமல் பார்த்துக் கொள்வது நம் ஒவ்வொருவர் மீதும் உள்ள கடமை.

வல்ல நாயன் நம் கரங்களை ஹராமைச் சுமப்பதிலிருந்தும், நம் நாவுகளை அநீதிக்காக வாதாடுவதிலிருந்தும், நம் சந்ததிகளை எல்லா வகைப் போதைகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.